மாமா ரூமில் எத்தனை பேர்?

இதில் அமாவாசை கிடையாது. நாய் ஊளையிடவில்லை. கரண்ட் போகவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிற பிற்பகல்... மணி மூன்று பன்னிரண்டு. அந்த நேரத்தில்தான் நடந்தது. ஒரு நாள் இல்லை, தினமும் நடந்தது.

யாரோ யாருக்கோ சொல்லி, கைமாறிக் கைமாறி, கண்ணும் காதும் முளைத்து வந்த கதை இல்லை இது. அனுபவித்தவளே எதிரில் உட்கார்ந்து, தேதி சொல்லி, நிமிடம் சொல்லி, வினாடியும் சொல்லி விவரித்தது. அவளுக்குக் கதை கட்டவும் வராது. புரோகிராம் எழுதுகிறவள். கூட்டினால் கணக்கு சரியாக வரவேண்டும், வராவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. அப்படி ஒரு பிறவி.

வீட்டில் அவளுக்குப் பெயர் பூச்சி. வைத்தது மாமனார். கல்யாணமான புதிதில் எப்போது சாப்பிடக் கூப்பிட்டாலும், "இருங்க மாமா, ஒரு பக் இருக்கு" என்பாள். பக் என்றால் என்ன என்று கேட்டார். "பூச்சி மாதிரி மாமா. புரோகிராமுக்குள்ள எங்கேயாவது ஒளிஞ்சுக்கிட்டு நம்ம உயிரை வாங்கும்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பூச்சி.

பூச்சியிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. வீட்டில் எது மக்கர் செய்தாலும் அதைச் சரிசெய்த விதத்தை அதில் எழுதிவிடுவாள். 'வைஃபை வரவில்லையா, முதலில் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒயரை அழுத்திப் பார். கம்பெனிக்கு போன் செய்து திட்டுவது அப்புறம்.' 'பிரிண்டர் சொல்வதை நம்பாதே. பேப்பர் இல்லை என்று பொய் சொல்லும்.' 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.' எல்லாம் அடிபட்டுக் கற்ற பாடங்கள்.

மாமா முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். மாமியார் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. இந்த வருடம் அவருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்துக் குடிவந்தார்கள். பூச்சியின் கணவன் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஆக, வீட்டில் பூச்சியும் மாமாவும்தான்.

கூடத்தில் பூச்சியின் மேஜை. அங்கிருந்துதான் ஆபீஸ் வேலை. கூடத்தை ஒட்டி ஒரு சின்ன நடை, அந்த நடையின் கடைசியில் மாமாவின் ரூம். மேஜையிலிருந்து பார்த்தால் அந்த வாசல் தெரியாது. அதுதான் பிரச்சினை. மீட்டிங்கில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. அதற்குள் அவர் உள்ளே விழுந்து கிடந்தால்?

"ரூம்ல ஒரு கேமரா வச்சிடறேன் மாமா."

"எதுக்கு? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?"

அதற்கு மேல் பேசமுடியாது. எனவே பூச்சி வேறு ஒன்றைச் செய்தாள். ரூம் வாசலின் இரண்டு பக்க நிலையிலும், இடுப்பு உயரத்தில், சென்சார்களைப் பொருத்தினாள். நடைப்பக்கம் ஒன்று, ரூம் பக்கம் ஒன்று என வாசலுக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிக்கோடுகள். முதலில் நடைப்பக்கக் கோடு அறுபட்டால் ஒருவர் உள்ளே போகிறார். முதலில் ரூம் பக்கக் கோடு அறுபட்டால் ஒருவர் வெளியே வருகிறார். உள்ளே எத்தனை பேர் என்பது மேஜையில் இருக்கும் குட்டித் திரையில் தெரியும். எண் மாறும்போது 'டிங்' என்று ஒரு சத்தம்.

பகலில் மாமா தனியாக உள்ளே இருக்கும்போது கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டில் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பூச்சியின் போன் அலறும். உள்ளே இரண்டு பேர் இருந்தால் அலறாது. கூட ஆள் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

மாமா அந்தப் பெட்டிக்கு 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தார். "ஏறினவன் எத்தனை, எறங்கினவன் எத்தனைன்னு எண்ணுது. டிக்கெட் கிழிக்காததுதான் பாக்கி."

வெள்ளிக்கிழமை மாட்டினாள். செவ்வாய்க்கிழமை வரை அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

செவ்வாய். மணி 3:10. 'டிங்.' திரையில் 0. மாமா ரூமை விட்டு வெளியே வந்துவிட்டார். வாக்கரை 'டக்... டக்...' என்று ஊன்றி நடந்துவந்து, கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

3:12. 'டிங்.' திரையில் 1.

திரும்பப் போய்விட்டார் போல என்று நினைத்துக்கொண்டு பூச்சி டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தினாள்.

மாமா ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

'டிங்.' 2. 'டிங்.' 3.

"ஐயோ, இன்னொரு பூச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பயமெல்லாம் இல்லை. எரிச்சல்தான். மறுநாள் ஆபீசில் ஒரு முக்கியமான ரிலீஸ். டீம் லீடர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெசேஜ் அனுப்பிப் பிராணனை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு நடுவில் இது வேறு.

3:50க்கு 'டிங்... டிங்... டிங்...' தானாகவே 0.

அன்று மாலை பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். வெள்ளி, 3:12, ஒன்று. சனி, 3:12, ஒன்று. ஞாயிறு இரண்டு. திங்கள் இரண்டு. செவ்வாய் மூன்று. எல்லாம் 3:50க்குக் காலி.

தினமும் ஒரே நேரமா? அப்படியென்றால் வெயில்தான் என்று முடிவுகட்டினாள். இந்த மாதிரி சென்சார்களுக்குச் சாய்ந்த வெயில் ஆகாது. புதன்கிழமை நடை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாள். நடை இருண்டது. போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு எதிரில் போய் நின்றாள்.

3:12. 'டிங்.' வாசலில் ஒன்றும் இல்லை. ஒரு ஈ கூட இல்லை.

'டிங்.' அவள் கண் முன்னால்தான். காலியான வாசல் வழியாகத்தான்.

மூன்று பேர் உள்ளே போனார்கள்.

வியாழக்கிழமை சென்சார்களையே மாற்றினாள். புத்தம் புதுசு. 3:12க்கு நாலு. வெள்ளிக்கிழமை, முன்பு ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதிய புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினாள். கோடு அறுபடும் நேரம், இடைவெளி, எல்லாவற்றையும் இறுக்கினாள். 3:12க்கு நாலு. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். கடைசியில் கோபத்தில் பேனாவை அழுத்தி, பேப்பரே கிழிந்தது.

சனிக்கிழமை மாமா விழுந்துவிட்டார்.

மணி 3:13 இருக்கும். பூச்சி ஹெட்போன் மாட்டிக்கொண்டு டீம் லீடரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ரிலீஸ் சொதப்பிவிட்டது. திரையில் 5 என்று இருந்தது. வழக்கமான கூத்து என்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன் அலறவில்லை. எப்படி அலறும்? உள்ளே ஐந்து பேர் இருக்கிறார்களே!

3:49க்குத் தண்ணீர் எடுக்க எழுந்தவளுக்கு, ஜன்னலோர நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் கிடந்தார். முப்பத்தாறு நிமிடம் அப்படியே கிடந்திருக்கிறார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் தப்பித்தது. முழங்கை சிராய்ப்பு, நெற்றியில் புடைப்பு.

"என்ன மாமா... எப்படி விழுந்தீங்க?"

"பட்டனை அழுத்திட்டு அப்படியே கொஞ்சம் அசந்துட்டேன். மணி ஆயிடுச்சேன்னு அவசரமா எழுந்தேன்."

"என்ன அவசரம்? எங்க போகணும் உங்களுக்கு?"

அவர் முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கப்பலிலிருந்து கணவன் பேசினான். விட்டு விட்டுக் கேட்டது.

"அந்தப் பொம்மையைக் கழட்டித் தூரப் போடு. இல்ல, அப்பாவே எதையாவது தட்டிவிடறாரா பாரு. வயசாச்சு. மறதி வருதோ என்னமோ... பேசாம ஒரு நல்ல ஹோம்ல சேர்த்துடலாமா?"

பூச்சிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? நேராக மாமாவிடம் போனாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. தினம் மூணு பத்துக்கு டாண்ணு எழுந்து வெளிய வர்றீங்க. நீங்க வந்த உடனே மெஷின் தப்புத் தப்பா எண்ணுது. அதை என்ன பண்றீங்க?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அப்புறம் ரொம்ப நாள் உறுத்தியது.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

அவ்வளவுதான் சொன்னார். வாக்கரை ஊன்றிக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில், போனால் போகிறது என்று ஒன்று செய்து பார்த்தாள். சென்சார்களை இடுப்பு உயரத்திலிருந்து கழற்றி, கீழே இறக்கினாள். தரையிலிருந்து ஒரு அடி. முழங்காலுக்கும் கீழே.

3:10. மாமா வெளியே வந்தார். 0.

3:12... 0.

3:20... 0.

3:50. சத்தமே இல்லை. 0.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பூச்சி எழுந்து நின்று கைதட்டினாள். ஒரு வாரத் தலைவலி தீர்ந்தது! நோட்டை எடுத்து எழுதினாள்: 'இடுப்பு உயரத்தில் வைத்தால் தப்பாக எண்ணுகிறது. முழங்காலுக்குக் கீழே வைத்தால் சரியாக எண்ணுகிறது. காரணம்...'

பேனா நின்றது.

காரணம் என்ன?

யாரோ வாசல் வழியாகப் போகிறார்கள். இடுப்பு உயரத்தில் கோடு அறுபடுகிறது. முழங்காலுக்குக் கீழே அறுபடவில்லை.

அப்படியென்றால்... கால்?

"சீ" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். சின்ன வயதில் கேட்டதெல்லாம் நடுமண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பேய்க்குக் கால் இருக்காது என்பார்கள். படித்தவள், ஐந்து வருட சர்வீஸ், எட்டு பேருக்குப் புரோகிராம் சொல்லித் தருகிறவள்... அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. காரணம் தெரியாமல் சரியானது எதுவும் சரியானது இல்லை. ஆபீசில் மற்றவர்களுக்கு அவள் சொல்லும் வார்த்தை அது. வீட்டில் மட்டும் விட்டுவிட முடியுமா?

புதன்கிழமை சாயங்காலம், நாலு மணிக்கு மேல், மூன்று வரிசையாகப் பொருத்தினாள். கீழ் வரிசை, தரையிலிருந்து ஒரு அடி. நடு வரிசை, மூன்று அடி. மேல் வரிசை, ஆறரை அடி. மேல் வரிசை சும்மா சோதனைக்கு. அந்த உயரம் இந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அவள் கணவனே ஐந்தே முக்கால்தான். அந்தக் கோடு அறுபட்டால் சென்சார் பொய் சொல்கிறது என்று அர்த்தம். அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். உயரம் மறக்காமலிருக்க, நிலையில் மூன்று நீல டேப் ஒட்டினாள்.

வியாழக்கிழமை மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். 2:20க்கு ஆஸ்பத்திரி வேனே வந்து கூட்டிப்போனது. வீட்டில் பூச்சி மட்டும். வாசல் கதவைப் பூட்டினாள். பின்கதவையும் பூட்டினாள். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மாமாவின் ரூமுக்குள் போனாள்.

மணி 3:05. 'டிங்.' லேப்டாப்பில் மூன்று வரி. மேல் 0. நடு 1. கீழ் 1.

சரி. அந்த ஒன்று அவள்தான். மேல் கோட்டுக்கு அவள் எட்டவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்கிறது.

கட்டிலில் காலை மடக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தாழ்வான கட்டில், ஒன்றரை அடிதான் உயரம். எதிரே வாசல். வெளியே எங்கோ ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம். தரையில் கட்டம் கட்டமாக வெயில்.

3:11. மோட்டார் நின்றது.

3:12. 'டிங்.'

மேல் 1. நடு 2. கீழ் 1.

பூச்சி நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். காலி. நடையில் கட்டிய கறுப்புத் துணி அசையவில்லை.

மேல் கோடு அறுபட்டிருக்கிறது. ஆறரை அடி. ஆக, சென்சார்தான் பொய் சொல்கிறது. "பிடிச்சேன் பார்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பொய் சொல்வதென்றால் கீழ் வரிசையும் சொல்ல வேண்டுமே? மூன்றும் ஒரே மாதிரி சென்சார். ஒரே கடையில் வாங்கியது.

'டிங்.' மேல் 2. நடு 3. கீழ் 1.

'டிங்.' மேல் 3. நடு 4. கீழ் 1.

'டிங்.' மேல் 3. நடு 5. கீழ் 1.

இது மேல் கோட்டைத் தொடவில்லை. இது மட்டும் குள்ளம்.

ரூமில் காற்று மாறியது. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் புழுக்கம். ஆட்கள் அடைத்து நிற்கும் லிஃப்டுக்குள் இருப்பதுபோல... யாரோ விட்ட மூச்சையே இழுப்பதுபோல...

'டிங்.' 'டிங்.'

நடு 7.

போதும், வெளியே போய்விடலாம் என்று நினைத்தாள். காலை நீட்டினாள்.

அப்போது மெத்தை அமுங்கியது.

அவள் உட்கார்ந்த இடத்தில் அல்ல. அவளுக்கு ஒரு முழம் தள்ளி. ஒரு பாதத்தின் அளவுக்கு. மெதுவாக அமுங்கியது... நிமிர்ந்தது.

பக்கத்தில் இன்னொன்று அமுங்கியது.

பூச்சி நீட்டிய காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

கண்ணை வாசல் பக்கம் திருப்பினாள். நாலு எட்டு வைத்தால் வாசல். ஓடிவிடலாம்.

லேப்டாப்பில் எழுத்து மாறியது.

மேல்: தடை.

நடு: தடை.

கோடு தொடர்ந்து பத்து வினாடி அறுந்தே இருந்தால் அப்படிக் காட்டும்படி அவள்தான் எழுதியிருந்தாள். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

நிற்கிறார்கள்... நகரவில்லை.

வெறும் வாசல். அதற்கு அப்பால் நடை. அதற்கு அப்பால் கூடம். எல்லாம் தெரிகிறது. ஆனால் அந்த வாசலுக்குள் உடம்பை நுழைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

3:29.

3:30.

மேல்: தடை. நடு: தடை.

கீழ்: காலி.

கீழே காலி!

லேப்டாப்பை மெத்தையிலேயே விட்டாள். கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் இறங்கினாள். குப்புறப் படுத்தாள். கன்னம் தரையில் உரச, பல்லி மாதிரி, வாசலைப் பார்த்து ஊர்ந்தாள்.

ஒரு முழம்...

இன்னொரு முழம்...

சத்தம் கேட்டது.

சரக்... சரக்... காலைத் தேய்த்து நகர்த்தும் சத்தம்.

பக்கத்தில் இல்லை.

அவளுக்கு மேலே.

தலைக்கு மேலே.

நிலையைத் தாண்டினாள். நடை. கூடம். பூட்டைத் திறப்பதற்குள் இரண்டு முறை சாவி கீழே விழுந்தது. வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தவள்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

4:35க்கு வேன் வந்தது. மாமா வாக்கரோடு இறங்கினார். செருப்பில்லாமல், தலைமுடியெல்லாம் தூசியாக உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். சிரமப்பட்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"உள்ள இருந்தியா?"

தலையாட்டினாள்.

"மூணு மணிக்கு மேல அங்க இருக்க முடியாதும்மா. மூச்சு முட்டும். படுத்திருந்தா மிதிபடும்."

"மாமா... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்த மூணாம் நாளே தெரியும்."

"ஏன் மாமா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ரூம்ல யாரோ நடக்கறாங்க, என்னை மிதிக்கறாங்கன்னா? உடனே கிழவனுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு ஏதாவது ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவீங்க. அதான், நேரம் வந்தா நான் பாட்டுக்கு எழுந்து வந்துடுவேன். அவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போவாங்க."

பூச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு பேசிட்டேன் மாமா..."

"விடும்மா. முப்பத்தி நாலு வருஷம் பஸ் ஓட்டினவன். பாசஞ்சர் திட்டாத திட்டா?"

அன்றைக்கே கணவனிடம் பேசினாள். "உங்க அப்பாவுக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரை எங்கேயும் அனுப்பப் போறதில்ல. வீட்டைத்தான் மாத்தப் போறேன்." பன்னிரண்டு நாளில் வேறு வீடு கிடைத்தது. மறுநாளிலிருந்து மாமாவின் கட்டில் கூடத்தில் கிடந்தது. லேப்டாப்பை அந்த மறுநாள் காலையே பத்து மணி வெயிலில், மாமா துணைக்கு நிற்க, ஓடிப்போய் எடுத்துவந்தாள். சென்சார் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். எண்கள் இருந்த அந்தப் பதிவை மட்டும் திறக்கவே இல்லை.

சாவியைக் கொடுக்கும் நாளில் வீட்டுக்காரர் வந்தார். மரக்கடை வைத்திருப்பவர். கலகலப்பான மனிதர். ஒவ்வொரு ரூமாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர், மாமா ரூம் வாசலில் நீல டேப்புகளைப் பார்த்து நின்றார்.

"இது என்னம்மா அளவு?"

"சும்மா... ஒரு சென்சார் வச்சிருந்தேன் சார்."

"நான் பழைய தரையோட அளவைத்தான் யாரோ எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்."

"பழைய தரையா?"

"ஆமாம்மா. இந்த ரூம் முன்னாடி மேடையா இருந்துச்சு. மூணு படி ஏறித்தான் உள்ள போகணும். ஃபேன் மாட்டினா தலையில இடிக்கும்போல இருந்துச்சு. அதான் இடிச்சு, தோண்டி, தரையைக் கீழே இறக்கினேன்."

"முன்னாடி தரை... எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?"

அவர் குனிந்து நிலையில் விரலை வைத்தார். கீழ் டேப்புக்குச் சற்று மேலே. ஒன்றரை அடி.

கட்டில் உயரம்.

"தோண்டும்போது... ஏதாவது இருந்துச்சா சார்?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் மண்ணு. லாரி லாரியா மண்ணு."

"அதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?"

"யாருக்குத் தெரியும்? நான் வாங்கும்போதே பூட்டிக் கிடந்த வீடு."

பூச்சி வாசலைப் பார்த்தபடியே நின்றாள். அவர்களுக்குக் கால் இல்லாமல் இல்லை. அவர்கள் உயரமானவர்களும் இல்லை. சாதாரண ஆட்கள். இப்போது இல்லாத ஒரு தரை மேல் நடக்கிறார்கள்... அவ்வளவுதான். அன்று தலைக்கு மேல் கேட்ட சத்தம் அதுதான். அவள் ஊர்ந்து வந்தது அவர்கள் காலுக்கு அடியில். மண் இருந்த இடத்தில்.

புது வீட்டில் அன்று மாலை 6:20. மாமா கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பூச்சி முதல் தடவையாக அந்த வியாழக்கிழமைப் பதிவைத் திறந்தாள். மேல் வரிசை, நடு வரிசை எல்லாம் அவள் பார்த்ததுதான். 3:50க்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வெளியே போயிருக்கிறார்கள், அவளைக் கழித்தால் எண்ணிக்கை சரி. கடைசியாகக் கீழ் வரிசை.

3:05:41. உள்ளே ஒருவர். அது அவள்.

3:31:18. வெளியே ஒருவர். அதுவும் அவள்தான், ஊர்ந்து வந்தபோது.

மூடப் போனாள். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

3:31:30. வெளியே ஒருவர்.

அவளுக்குப் பன்னிரண்டு வினாடி பின்னால். ஒரு அடி உயரத்தில், முன்பு மண் இருந்த இடத்தில். உள்ளே போனதற்குப் பதிவே இல்லாத ஒருவர்.

அதற்கப்புறம் அன்று முழுக்கக் கீழ் வரிசையில் யாரும் உள்ளே திரும்பிப் போகவில்லை.

அந்தச் சென்சார் பெட்டி புது வீட்டில் இன்னும் பிரிக்காமலேயே இருக்கிறது. எந்த வாசலிலும் அவள் அதை மாட்டவில்லை. இந்த வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.